தராசுக்குள் தனித்தனிச் சாக்கு

வெற்றிவேலின் மேஜைமேல் இருந்த தராசு செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாது, எண் வராது, ஒரு கீச்சுச் சத்தம்கூடக் கிடையாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் இருந்த புரோகிராம் மட்டும் எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்குச் சின்னதாக, சீராக, பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகைத்தான் அவன் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி ஜெயசுதா கிராம சுகாதார நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் தொற்றி, நெல்லிவாசல்நாட்டுக் குடிசைகள்வரை போய் வருகிறவள். உயிர் இருக்கிற உடம்புக்கும் இல்லாத உடம்புக்கும் வித்தியாசம் தெரிந்தவள்.

"இன்னாங்க, இதுக்கு உசுரு வருமா, வராதா? வராதுன்னா எடுத்துடுங்க. ரிஜிஸ்டர் எழுத எனக்கு மேஜை வேணும்."

"சைஸப் பாத்தியா சுதா? அம்பத்திரண்டு இருந்தது நாப்பத்தொண்ணு ஆயிடுச்சி."

"எங்க சென்டர்ல கொழந்தைக்கு வெயிட்டு கொறஞ்சா நாங்க கைதட்ட மாட்டோம்."

வெற்றிவேல் வாணியம்பாடியில் ஒரு எலக்ட்ரானிக் தராசுக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். முதலாளி லத்தீப் பாய். நல்ல மனிதர், ஐந்து வேளைத் தொழுகையையும் விடமாட்டார், ஐந்து ரூபாயையும் விடமாட்டார். அவருக்கு இந்த வருஷம் ஒரு யோசனை பிறந்திருந்தது. மூட்டையை வைத்தால் எடையை வாயால் சொல்லும் தராசு. எழுத்தும் எண்ணும் தெரியாத ஜனங்களுக்கு அது பெரிய உபகாரம் என்றார், மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஆபீஸில் கணக்கு பார்க்கும் ஃபிஜாவை உட்காரவைத்து ஒன்றிலிருந்து நூறுவரையும், பிறகு நூறு நூறாக ஆயிரம்வரையும் சொல்லச் சொல்லிக் குரலையும் பிடித்துவிட்டார். மலையைச் சுற்றிப் பதினைந்து இடத்தில் புளியும் சாமையும் கொள்முதல் செய்கிற மண்டிக்காரர் கிருஷ்ணன், பதினைந்து இடத்துக்கும் அந்தத் தராசையே வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரே ஒரு குறை, குரலுக்கு இடம் இல்லை. தராசுக்குள் இருக்கும் சிப்பில் மொத்தம் அறுபத்து நாலு கே.பி. இடம். ஃபிஜாவின் குரலுக்கு இருபது வேண்டும். மீதி நாற்பத்து நாலுக்குள் கெர்னல் அடங்க வேண்டும். அதுவோ ஐம்பத்திரண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கெர்னல் என்பது மிஷினுக்குள் இருக்கும் மேஸ்திரி. யார் எப்போது வேலை செய்வது, யார் ஓரமாக நிற்பது என்று சொல்வது அதன் வேலை. மேஸ்திரிகள் இடத்தை அடைப்பது புதிதா என்ன?

பெரிய சிப் போடலாமே என்று வெற்றிவேல் ஒருமுறை கேட்டான். அன்றைக்கு முழுக்க லத்தீப் பாய் அவனோடு பேசவில்லை.

வெற்றிவேலும் பாயிடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷமாக அவன் வாணியம்பாடியில் ஓர் அறையிலும், ஜெயசுதா மலைமேல் காவலூரில் ஒரு வாடகை வீட்டிலும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன். பொங்கலுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல இருந்தபோது அவன் சாம்பாரில் உப்புப் போடுகிறவனா போடாதவனா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதனால் இந்த வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன் என்று கேட்டான். லத்தீப் பாய் ஒரு மாதம் கொடுத்தார். மாதக் கடைசியில் தராசு கிருஷ்ணன் மண்டியில் பேசினால், வெற்றிவேல் ஆயுசுக்கும் மலையிலேயே இருந்து வேலை செய்யலாம். பேசாவிட்டால், மறுநாள் காலை ஒன்பதுக்கு ஆபீஸில் இருக்க வேண்டும், பெட்டியோடு.

இனி சாவுக்கு வருவோம்.

அந்தக் கெர்னலை எழுதினவர் ராஜேந்திரன் என்கிற பழைய ஆள். அத்தனையையும் அசெம்பிளியில் எழுதியிருந்தார். அது சிப்புக்கு நேராகப் புரிகிற பாஷை. மனிதருக்குப் புரியாது. ஆகவே எழுதினவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். போன் போட்டால் எடுப்பதில்லை.

அசெம்பிளியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன். எடை பார்க்க ஒன்று, எண் காட்ட ஒன்று, பில் அடிக்க ஒன்று. இப்படி நூற்றுச் சொச்சம். ராஜேந்திரன் எல்லாவற்றையும் ஒரே செக்ஷனில் போட்டுக் கட்டியிருந்தார். அதாவது மளிகைக்கடை முழுவதையும் ஒரே சாக்கில் கட்டிய மாதிரி. கடைசியில் லிங்கர் என்று ஒன்று வரும். அதுதான் லோடு ஏற்றுகிறவன். அவனுக்குச் சாக்கைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. உள்ளே இருப்பதில் ஒரு சிட்டிகை சீரகம் வேண்டும் என்றால் மொத்தச் சாக்கையும் தலையில் தூக்கிக்கொண்டு வருவான்.

ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனிச் செக்ஷனில் போட்டுவிட்டால்? எதை யாரும் கூப்பிடவில்லையோ அந்தச் சாக்கை லிங்கர் வாசலிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவான். வெற்றிவேல் நாலு நாள் உட்கார்ந்து நூற்றுச் சொச்சத்தையும் பிரித்துக் கட்டினான். ஐம்பத்திரண்டு நாற்பத்தொன்று ஆனது. லத்தீப் பாய் போனில் "சபாஷ்" என்றார். வெற்றிவேல் அந்த சபாஷைக் காதில் வைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டான். தராசு செத்திருந்தது.

மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது. மிஷினை எழுப்புகிற முதல் ஃபங்ஷனை யாருமே கூப்பிடவில்லை. யார் கூப்பிடுவார்கள்? கரண்டு வந்ததும் சிப்பே நேராகப் போய் அதன் கதவைத் தட்டும். லிங்கர் பட்டியலைப் பார்த்தான், கூப்பிட்டவர் யாரும் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டான். ஊரில் முதலில் எழுந்திருக்கிற ஆளை யார் எழுப்புகிறார்கள் என்று கேட்டு வேலையைவிட்டு நிறுத்தின கதை.

அந்த ஃபங்ஷனுக்கு 'இதைத் தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டினான். தராசு எழுந்தது. ஆனால் பூஜ்யமாக்குகிற பொத்தானை அமுக்கினால் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பொத்தானைக் கவனிக்கிற ஃபங்ஷனையும் யாரும் கூப்பிடுவதில்லை. விரல் பட்டால் தானாக ஓடிவருகிற ஜாதி. அதற்கும் ஒரு சீட்டு. பிறகு கடிகாரம் நின்றது. அதற்கும் ஒரு சீட்டு. பிறகு பாட்டரி இறங்குவதே தெரியாமல் இறங்கியது.

வெற்றிவேலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எதற்கு வம்பு என்று நூற்றுச் சொச்சத்துக்கும் சீட்டு ஒட்டிவிட்டான். எல்லாம் வேலை செய்தது. சைஸ் பார்த்தான். ஐம்பத்து மூன்று.

பிரித்துக் கட்டியதில் சாக்குக்கும் சாக்குக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சம் சந்து விழுந்திருந்தது. பன்னிரண்டு நாள் பாடுபட்டு, குறைக்க வேண்டியதை ஒன்று கூட்டியிருந்தான்.

"கொறைக்கச் சொன்னா வளத்துகினு இருக்கியே தம்பி," என்றார் லத்தீப் பாய் போனில். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மலமேல குளுகுளுன்னு இருந்தா எல்லாம் நல்லா வளரும். கீழ வந்துடு. இங்க வெயிலு, தானா எளைக்கும்."

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதே பாய் என்று கெஞ்சி வைத்தான்.

அன்று சாப்பிடும்போது ஜெயசுதாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, "வர்ற கேஸுக்கெல்லாம் அவசரம்னு எழுதிவெச்சா, எதுக்குமே அவசரம் இல்லன்னுதான் அர்த்தம்," என்றாள். "யாரு நெஜமாவே மூச்சு வாங்கறான்னு ஒவ்வொருத்தனா பாருங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஐந்து ஃபங்ஷனுக்கு மட்டும் சீட்டை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்தான். நாற்பத்து மூன்று. மிஷின் எழுந்தது. பொத்தான், கடிகாரம், பாட்டரி எல்லாம் சரி. ஜெயசுதா கையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கித் தட்டில் வைத்தான்.

"ஒரு கிலோ," என்றது ஃபிஜாவின் குரல்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் தராசு ஒரு பில் அடித்தது. கேட்காமலே அடித்தது. பிறகு இன்னொன்று. தராசு விநாடிக்குப் பத்துத் தரம் எடை பார்க்கிற சாதனம். விநாடிக்குப் பத்து பில் வரத் தொடங்கியது. வெற்றிவேல் பொத்தானை அமுக்கினான். அதற்கும் ஒரு பில் வந்தது. வொயரைப் பிடுங்கினான், உள்ளே பாட்டரி இருந்தது, அதைச் சரி செய்ததே அவன்தான். காகிதம் மேஜையிலிருந்து இறங்கி, அறையைத் தாண்டி, சமையல்கட்டு வாசல்வரை போய் நின்றது. ரோல் தீர்ந்ததால் நின்றது.

ஜெயசுதா காலைத் தூக்கித் தாண்டி வந்தாள்.

"பந்திக்கு விரிச்சா மாதிரி இருக்குது. எல போடட்டுமா?"

இரண்டு நாள் தேடி அதையும் கண்டுபிடித்தான். எடை பார்க்கிற ஃபங்ஷனின் கடைசியில் 'வேலை முடிந்தது, திரும்பிப் போ' என்கிற வரியைக் காணோம். அசெம்பிளியில் அந்த வரி இல்லாவிட்டால் சிப்புக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. சுவர் இல்லாத வீட்டில் நடக்கிறவன் மாதிரி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். அங்கே என்ன வேலை நடக்கிறதோ அதையும் செய்துவிட்டுத்தான் திரும்பும். ராஜேந்திரனின் பழைய சாக்கில் எடை பார்க்கிற ஃபங்ஷனுக்குப் பக்கத்து வீடு, 'எக்ஸ் ஏழு' என்று பேர் வைத்த ஒரு சின்ன ஃபங்ஷன். பதினொரு வரி. என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை குறிப்பு கிடையாது. அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஆகவே லிங்கர் அதைத் தூக்கி எறிந்திருந்தான். அந்தக் காலி மனையில் பில் அடிக்கிற ஃபங்ஷன் குடிவந்திருந்தது.

வெற்றிவேலுக்கு ராஜேந்திரன்மேல் இரக்கம் வந்தது. பாவம், மறந்திருக்கிறார். இத்தனை வருஷம் எடை பார்க்கிறபோதெல்லாம் சிப் அந்தப் பதினொரு வரிக்குள் வெட்டியாக நுழைந்து வெளியே வந்திருக்கிறது. 'திரும்பிப் போ' என்று ஒரு வரி எழுதினான். காகிதம் நின்றது. எக்ஸ் ஏழைத் திரும்பச் சேர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். கூப்பிட ஆளில்லாத ஃபங்ஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருந்தாலும் கடமை தவறாமல் முத்திரை குத்திய எடைக்கற்களை வைத்துப் பார்த்தான். ஒரு கிலோ, இரண்டு, ஐந்து, பத்து. நாலும் கிராம் பிசகாமல் வந்தன. அது இல்லாமலேயே எல்லாம் சரியாக இருக்கிறது, பிறகென்ன?

"நாப்பத்து மூணு பாய். எல்லாம் ஓடுது. பேசுது," என்று போன் செய்தான்.

லத்தீப் பாய், மண்டியிலும் இதேபோலப் பேசினால் மலையை விட்டு நீ இறங்க வேண்டாம் என்று சொன்னார். அன்று மாலை வெற்றிவேல் இரண்டாள் சாப்பிடுகிற குக்கர் ஒன்று வாங்கி வந்தான்.

கிருஷ்ணன் மண்டி ஆலங்காயம் போகிற வழியில் இருந்தது. புளிக்காலம். மலையிலிருந்து ஜீப்பிலும் தலைச்சுமையிலும் வந்த மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. விற்க வந்த ஜனங்கள் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மண்டியில் இருபது வருஷமாக மூட்டை தூக்குகிற மாதையன் ஒருத்தர்தான் நின்றுகொண்டிருந்தார். அவரை மண்டியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெற்றிவேல் கேட்கவில்லை. "ஏய், மூட்டை" என்றால் அவர் வந்தார்.

லத்தீப் பாய் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி வந்திருந்தார். பேசும் தராசை நடுவில் வைத்தார்கள். அதன் அருமையைப் பற்றி அவர் கொஞ்ச நேரம் பேசினார். தராசு பேசுவதற்கு முன்னால் தானே எல்லாவற்றையும் பேசிவிடுவார் போலிருந்தது. கடைசியில், வேறு யாரையும் நம்ப வேண்டாம், முதல் எடை என் எடை என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே தட்டின்மேல் ஏறி நின்றார்.

"எண்பத்து இரண்டு கிலோ, நானூறு கிராம்," என்றது ஃபிஜாவின் குரல், மண்டி முழுக்கக் கேட்கும்படியாக.

குந்தியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

லத்தீப் பாய் இறங்கினார். திரும்ப ஏறினார். குரல் திரும்பச் சொன்னது. இயந்திரத்துக்கு முதலாளி என்கிற மரியாதை கிடையாது.

"தம்பி, இங்க வா," என்றார். வெற்றிவேல் போனான். "நானு தெனம் காலையில ஆபீஸ் தராசுல ஏறிப் பாக்கறவன். நேத்திக்கு எழுவத்தாறு. எழுவத்தாறுக்கு மேல ஒரு நாளும் போனதில்ல. எம்பத்திரண்டுன்னு சொன்ன டாக்டர் ரெண்டு பேர மாத்தியிருக்கேன் நானு."

"கல்லு வெச்சிப் பாத்தேன் பாய். பத்து கிலோ வரிக்கும் கரெக்டா இருந்துச்சி."

"மண்டிக்கிக் கல்லு விக்க வருவாங்களா தம்பி? மூட்டதான் வரும்."

கிருஷ்ணன் விரலை அசைத்தார். மாதையன் ஒரு புளி மூட்டையைத் தூக்கி மண்டியின் பழைய தராசில் வைத்தார். அதுவும் லத்தீப் பாய் கம்பெனித் தராசுதான், ராஜேந்திரன் காலத்தது. முப்பது என்று காட்டியது. அதே மூட்டையைத் தூக்கிப் புதியதில் வைத்தார்.

"முப்பத்து இரண்டு கிலோ, முன்னூறு கிராம்."

மூட்டைக்குச் சொந்தக்காரியான பாஞ்சாலி எழுந்து நின்று, அந்த அம்மா இன்னொரு தடவை சொல்லட்டும் என்று கேட்டாள்.

கிருஷ்ணன் சிரித்த முகத்தோடுதான் பேசினார். குரல் நன்றாக இருக்கிறது, சின்ன வயசுப் பெண்ணா என்று விசாரித்தார். பாய் மிஷின் என்றால் அவருக்குத் தனி மரியாதை, எட்டு வருஷமாக வேறு மிஷினை வாசலில் ஏற்றியதில்லை. ஆனால் தப்பாக அளக்கிற மிஷினை வைத்துக்கொண்டு ஏழை ஜனங்களோடு வியாபாரம் செய்ய அவர் மனசு இடம் கொடுக்காது. பழையது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும், வாய் மட்டும் வைத்துக் கொடுத்தால் பதினைந்தும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, போன் வந்ததால் உள்ளே போனார்.

லத்தீப் பாய் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆபீஸ் தராசு எழுபத்தாறு, மண்டித் தராசு முப்பது, இரண்டு சாட்சி. எதிர்த்தரப்பில் வெற்றிவேல் ஒருத்தன்.

"ஒண்ணா இருந்ததப் பிரிச்சிப் பிரிச்சி எதையோ தொலைச்சிட்ட தம்பி. நல்லா ஓடிகினு இருந்த மிஷினு." குரலில் இப்போதும் கோபம் இல்லை. "நாளைக்கி ஒம்போது மணி. பொட்டியோட வந்துடு."

அவர் வண்டியில் ஏறிப் போனார். வெற்றிவேல் தராசின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். லேப்டாப்பைத் திறந்து, நூற்றுச் சொச்சம் செக்ஷனையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். எல்லாம் தனித்தனியாக, ஒழுங்காக, பேர் எழுதி அடுக்கியிருந்தன. எக்ஸ் ஏழு மாதிரி கூப்பிட ஆளில்லாத வரிகளைத் தவிர வேறு எதைத் தொலைத்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஜெயசுதாவுக்கு என்ன சொல்வதென்றும் விளங்கவில்லை. நேற்று வாங்கிய குக்கரில் இன்னும் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

மூட்டையை இறக்க மாதையன் குனிந்தார். உள்ளே கிருஷ்ணன் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, அவன் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னார்:

"மிஷினு கெடல சார், இந்த மூட்ட என் தோளுக்கு எப்பவும் முப்பத்திரண்டுதான், கல்லு வெச்சிப் பாக்கறவனுக்குத் தெரியாம, இருவது கிலோவுக்கு மேல போனா மட்டும் பத்து கிலோவுக்கு முக்கா கிலோ முழுங்கணும்னு எங்க மொதலாளியும் உங்க ராஜேந்திரன் சாரும் இதே எடத்துலதான் உக்காந்து பேசனாங்க, நான்தான் டீ வாங்கியாந்து குடுத்தேன்."